வேரோடு வாழும் பூஞ்சை: வாசகர் கேள்வி - பதில்

செடியின் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சையான மைக்கோரைசா பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், கடையில் விற்கும் பூஞ்சைச் சரக்கில் "எந்த பாக்கெட் நல்லது?" என்றே கேட்கின்றன. அதற்குக் கடைசியில் வருகிறோம். மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், பாக்கெட் வேண்டுமா வேண்டாமா என்பதே பலருக்கு விளங்கிவிடும்.

கேள்வி: மிளகாய்க்கும் முட்டைக்கோஸுக்கும் ஒரே நாளில் வேர் உட்பூசணம் (வேம் என்று விற்கும் மைக்கோரைசா) போட்டேன். மிளகாய் நன்றாகத் தேறியது. முட்டைக்கோஸில் துளிகூட மாற்றம் இல்லை. வாங்கிய சரக்கில் கோளாறா?

கோளாறு சரக்கில் இல்லை. முட்டைக்கோஸ் கடுகுக் குடும்பத்துச் செடி. அந்தக் குடும்பத்துக்கும் வேர்ப்பூஞ்சைக்கும் ஒட்டுறவே கிடையாது. காலிஃபிளவர், முள்ளங்கி, டர்னிப், கடுகு எல்லாமே இதில் அடங்கும். பீட்ரூட், பாலக், தண்டுக்கீரை இனங்களும் ஏறக்குறைய அப்படித்தான். இவற்றுக்கு எந்த நிறுவனத்தின் பாக்கெட்டைப் போட்டாலும் காசு வீண்.

மறுபக்கம், பூஞ்சையை நம்பியே வாழும் பயிர்கள் இருக்கின்றன. வெங்காயத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். தடித்த நூல் போல, கிளைகள் குறைவாக, வேர்த்தூவிகள் இல்லாத குறையாக இருக்கும். அப்படிப்பட்ட வேரால் தனியாக மணிச்சத்தை (பாஸ்பரஸை) தேடி எடுக்க முடியாது. மரவள்ளி, எலுமிச்சை இனங்கள், பூண்டு ஆகியவையும் இந்த வகை. மக்காச்சோளம், சோளம், பயறு வகைகள், மிளகாய், கத்தரி, வாழை, திராட்சை ஆகியவை பூஞ்சையோடு நன்றாகச் சேரும். கோதுமை, பார்லி போன்றவற்றின் வேர் மெல்லியது, கிளைகள் நிறைந்தது. அவை சேரும், ஆனால் சேராவிட்டாலும் சமாளித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முட்டைக்கோஸ் நின்ற இடத்தில் அடுத்து வெங்காயம் போடப் போகிறீர்கள் என்றால், இடையில் பூஞ்சைக்குச் சோறு போட ஆள் இல்லாமல் அதன் எண்ணிக்கை சரிந்திருக்கும். நடுவில் 6 முதல் 8 வாரம் தட்டைப்பயறோ சோளமோ விதைத்து வளரவிட்டு, பிறகு வெங்காயத்துக்குப் போங்கள். வரப்பில் நிற்கும் புல்கூட இந்த வகையில் உதவிதான்.

கேள்வி: இந்தப் பூஞ்சை செடிக்கு உண்மையில் என்னதான் செய்கிறது? "வேரை நீளமாக்கும்" என்கிறார்கள். சரியா?

வேரை நீளமாக்குவதில்லை. வேர் எட்டாத இடத்துக்குத் தான் போய் எடுத்து வருகிறது.

மணிச்சத்து மண்ணில் நகராத பொருள். களர்ப்பாங்கான நிலத்தில் சுண்ணாம்போடும், புளித்த நிலத்தில் இரும்பு, அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேர் தன்னைச் சுற்றி 1 முதல் 2 மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதைச் சில நாட்களில் உறிஞ்சித் தீர்த்துவிடும். அதற்கப்பால் சத்து இருந்தாலும் வேரை நோக்கி வந்து சேராது. பூஞ்சை இழையின் தடிமன் 2 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். தலைமுடியோ ஏறக்குறைய 70. வேர் நுழைய முடியாத மண் துளைகளில் இந்த இழை நுழைந்து, பல சென்டிமீட்டர் தள்ளிக் கிடக்கும் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவரும்.

கைமாறும் இடம் வேரின் செல்லுக்குள் இருக்கிறது. இழை செல் சுவரைத் தாண்டி உள்ளே போய்ச் சின்ன மரம்போலக் கிளைவிடும். இதை ஆர்பஸ்கியூல் என்பார்கள். செல்லின் சவ்வை அது கிழிப்பதில்லை. சவ்வே ஒவ்வொரு கிளையையும் கையுறை போலப் போர்த்திக்கொள்கிறது. அந்தப் போர்வை வழியாகத்தான் கொடுக்கல் வாங்கல். ஒவ்வொரு ஆர்பஸ்கியூலும் சில நாட்களே உயிரோடு இருக்கும். பிறகு சுருங்கிப்போய், வேறு செல்லில் புதிதாக ஒன்று உருவாகும்.

பூஞ்சை இதை இனாமாகச் செய்யவில்லை. செடி ஒளிச்சேர்க்கையில் செய்த உணவில் 4 முதல் 20 சதவீதம் வரை கூலியாகப் போகிறது. சர்க்கரை மட்டுமல்ல, கொழுப்பும் போகிறது. இந்த வகைப் பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் திறன் இல்லை என்பதும், செடிதான் ஊட்டுகிறது என்பதும் 2017-ல் வெளியான ஆய்வுகளில் உறுதியாயின. உயிருள்ள வேர் இல்லாமல் இதைத் தனியே வளர்க்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய உறவு இது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான தாவரப் புதைபடிவங்களிலேயே ஆர்பஸ்கியூல் தெரிகிறது. அந்தச் செடிகளுக்கு இன்றைய வேர் போன்ற உறுப்பே அப்போது இல்லை. பூஞ்சையும் வேரும் சேர்ந்த ஒரே உறுப்பாக இதைக் கண்டு, 1885-ல் மைக்கோரைசா என்று பெயரிட்டவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க்.

கேள்வி: மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டையும் வேமையும் சேர்த்தே போடலாமா?

சேர்த்துப் போட்டால் ஒன்றை மற்றொன்று வெட்டிவிடும்.

மணிச்சத்துக்கு ஏங்கும் வேர், ஸ்டிரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடும். பக்கத்தில் முளைத்த பூஞ்சை அதை உணர்ந்ததும் இழைகளைக் கிளைவிட்டு வேரைத் தேடி வரும். 2005-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்த வேர் இந்த அழைப்பை நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் பூஞ்சையையும் குறைத்துக்கொள்ளும். மணிச்சத்து கைக்குக் கிடைக்கும்போது கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டியதில்லை அல்லவா?

அதனால் மண் பரிசோதனையில் மணிச்சத்து "அதிகம்" என்று வந்தால் வேம் வாங்க வேண்டாம். "குறைவு" அல்லது "நடுத்தரம்" என்றால் நாற்றங்காலில் வேமைப் போடுங்கள். நாற்றுக்குக் கரையும் உரம் கொடுக்கும்போது மணிச்சத்து லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) வழக்கம்போல் கொடுக்கலாம். நட்டு 3, 4 வாரம் கழிந்து வேரில் பூஞ்சை நிலைத்த பிறகு, மிச்ச மணிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கலாம்.

இயற்கை முறையில் செய்பவர்களும் இதில் தவறுகிறார்கள். கோழி எருவில் மணிச்சத்து ஏராளம். வருடாவருடம் அதையே கொட்டிய மாடித்தோட்டத் தொட்டியில், ரசாயன உரம் ஒரு சிட்டிகை போடாமலேயே பூஞ்சை ஒதுங்கியிருக்கும்.

கேள்வி: என் செடி வேரில் பூஞ்சை இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா? பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி உண்டு.

தாராளமாகப் பார்க்கலாம். பயிர்களில் இருக்கும் வகை வெறும் கண்ணுக்குத் தெரியாது, சாயம் ஏற்றினால்தான் தெரியும். விலை உயர்ந்த சாயம் தேவையில்லை. பேனா மையும் வினிகரும் போதும். 1998-ல் வெளியான இந்த முறை இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் புழங்குகிறது.

6 வாரமாவது வளர்ந்த செடியின் மெல்லிய வேர்களை, 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில், ஒரு கிராம் அளவு எடுங்கள். செடியைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் நமக்கு வேண்டிய நுனிவேர்கள் மண்ணிலேயே அறுந்து நிற்கும். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். 1 முதல் 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள்.

100 மில்லி தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில்தான் இதைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், இதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. சூடாகும், தெறித்தால் தோலும் கண்ணும் வெந்துவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், மாணவர்கள் செய்தால் ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். வேர்த்துண்டுகளை இதில் போட்டு, 90 டிகிரி செல்சியஸ் வெந்நீர்த் தொட்டியில் வையுங்கள். வெங்காய வேருக்கு 5 முதல் 10 நிமிடம், மக்காச்சோளத்துக்கு 15 முதல் 20 நிமிடம், மர வேருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். வேர் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிய வேண்டும்.

பிறகு நாலைந்து முறை தண்ணீரில் அலசுங்கள். 95 மில்லி வெள்ளை வினிகரில் (5 சதவீத அசிட்டிக் அமிலம்) 5 மில்லி கறுப்புப் பேனா மை கலந்து, அதில் 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஊற்றுப்பேனாவுக்கான மைதான் வேண்டும். படம் வரையும் தூள் மை செல்லுக்குள் ஏறாது. கடைசியாக, சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் 20 நிமிடமோ, முடிந்தால் ஓர் இரவோ ஊறவிட்டால் மிகைச்சாயம் இறங்கிவிடும். ஒரு சொட்டு கிளிசரின் விட்டுக் கண்ணாடித்தகட்டில் வைத்து, முதலில் 100 மடங்கிலும் பிறகு 400 மடங்கிலும் பாருங்கள்.

குறுக்குத்தடுப்பு இல்லாத, கொஞ்சம் கோணல்மாணலான இழைகள் செல்களுக்கு இடையே ஓடும். அங்கங்கே முட்டை வடிவில் கருத்த பைகள் தெரியும். இவை கொழுப்புச் சேமிக்கும் வெசிகிள்கள். செல்லுக்குள் புகைமூட்டம் போல, நெருக்கிப் பார்த்தால் குட்டி மரம் போலத் தெரிவது ஆர்பஸ்கியூல். மூங்கில் கணுப்போல முறையாகத் தடுப்புகள் கொண்ட இழை தெரிந்தால் அது வேறு பூஞ்சை, கணக்கில் சேர்க்காதீர்கள்.

எல்லாமே கறுப்பாகத் தெரிந்தால் முதல் கட்டத்தில் போதிய நேரம் வேகவில்லை. மேல்தோல் உரிந்து நடுநரம்பு மட்டும் மிஞ்சினால் அதிகம் வெந்துவிட்டது. பூஞ்சை வாழும் பகுதியே கழன்று போயிருக்கும். அந்த வேரில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அளவு தெரிய வேண்டுமென்றால், கட்டம் போட்ட தட்டில் வேர்த்துண்டுகளைப் பரப்பி, கோட்டை வேர் வெட்டும் 100 இடங்களைப் பாருங்கள். அவற்றில் பூஞ்சை உள்ள இடங்களின் எண்ணிக்கையே சதவீதம். உரமிடாத நிலத்து மக்காச்சோளத்தில் 50-க்கு மேல் வந்தால் உங்கள் மண்ணில் பூஞ்சைக்குப் பஞ்சமில்லை, பாக்கெட் தேவையில்லை.

கேள்வி: ஒரு வருடத்துக்கு மேல் நிலத்தைத் தரிசாக உழுது போட்டு, களை எடுத்துச் சுத்தமாக வைத்திருந்தேன். ஓய்வெடுத்த மண் என்று நம்பி மக்காச்சோளம் போட்டால், இளம்பயிர் ஊதா நிறமாகித் தேங்கிவிட்டது. ஏன்?

உங்கள் நிலம் ஓய்வெடுத்தது, பூஞ்சை பட்டினி கிடந்தது. உயிருள்ள வேர் இல்லாமல் அதற்கு வேறு சோறு கிடையாது. பூஞ்சையின் வித்துகள் சில காலம் தாங்கும். ஈரம் கிடைக்கும்போதெல்லாம் முளைத்து, வேர் கிடைக்காமல் மடியும். உழவு, மிச்சமிருந்த இழை வலையையும் அறுத்திருக்கும். ஊதா நிறம் மணிச்சத்துக் குறைவின் அடையாளம். மண்ணில் மணிச்சத்து இருந்தாலும் எடுத்துத் தர ஆள் இல்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரிசல் நிலங்களில் இது பல காலம் புரியாத சிக்கலாக இருந்தது. நீண்ட தரிசுக்குப் பின் நீரும் தழைச்சத்தும் மண்ணில் நிறையச் சேர்ந்திருந்தும் பயிர் குன்றியது. தரிசில் வேர்ப்பூஞ்சை குறைந்ததுதான் காரணம் என்று ஆய்வாளர் ஜே. பி. தாம்சன் 1987-ல் காட்டினார். மணிச்சத்தும் துத்தநாகமும் பயிருக்குப் போய்ச் சேரவில்லை. அமெரிக்காவில் 1993-ல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, மூழ்கிக் கிடந்த வயல்களில் அடுத்த பருவம் விதைத்த மக்காச்சோளத்திலும் இதே ஊதாநிறம் வந்தது.

இந்தப் பருவத்தில் செய்யக்கூடியது: கரையும் மணிச்சத்தைச் சிறிதளவு பயிர் வரிசைக்கு அருகில் வேர் மட்டத்தில் வைப்பதும், இலைவழியாகத் துத்தநாக சல்பேட் 0.5 சதவீதக் கரைசலை 0.25 சதவீதம் சுண்ணாம்போடு சேர்த்துத் தெளிப்பதும்தான். பயிர் பல சமயம் ஓரளவு தானே தேறிவிடும். அடுத்தமுறை தரிசு விட வேண்டியிருந்தால் வெறும் மண்ணாக விடாதீர்கள். எந்தப் புல்லாவது, பயறாவது நிற்கட்டும்.

கேள்வி: விதைக்குக் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியால் நேர்த்தி செய்துவிட்டேன். வேம் போடலாமா?

அந்த விதைக்கு வேண்டாம். கார்பன்டசிம் இந்தப் பூஞ்சையையும் அடிக்கும், குறிப்பாக மண்ணில் ஊற்றினால். மெட்டலாக்சில் என்ற மருந்து அப்படியல்ல. அது நாற்றழுகலுக்குக் காரணமான நீர்ப்பூஞ்சைகளைத் தாக்கும், வேர்ப்பூஞ்சைக்குப் பெரிய கெடுதல் இல்லை.

கேள்வி: வேமை வீட்டிலேயே பெருக்க முடியுமா?

முடியும். மூன்று, நான்கு மாதப் பொறுமை வேண்டும்.

இரண்டு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு சத்துக் குறைந்த மண். இதை ஈரமாக்கி, நீராவியில் ஒரு மணி நேரம் வேகவைத்து, மறுநாளும் அதேபோல் செய்யுங்கள். ஆறியபின் 10 லிட்டர் தொட்டியில் முக்கால் அளவு நிரப்புங்கள். பல ஆண்டு உழவு படாத, உரம் போடாத புல்தரையில் 5 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்து, நுண்வேர்களோடு சேர்த்து ஒரு லிட்டர் மண் எடுத்து நறுக்கி, அதன்மேல் அடுக்காகப் பரப்புங்கள். அதற்கு மேல் 5 சென்டிமீட்டர் வேகவைத்த கலவை. அதில் 5, 6 சோளமும் இரண்டு தட்டைப்பயறும் விதையுங்கள்.

தண்ணீர் தேங்கக் கூடாது. பயிர் வெளுத்தால் தழைச்சத்து மட்டும் கொஞ்சம் கொடுங்கள், மணிச்சத்து கூடாது. தொட்டி நிழலில் இருந்தாலும் சரிவராது. இலைக்கு வெயில் இல்லையென்றால் பூஞ்சைக்கும் சோறில்லை. 12 முதல் 16 வாரம் கழித்துத் தண்ணீரை நிறுத்துங்கள். 10 நாளில் பயிர் காயும்போது பூஞ்சை வித்துகளை நிறைய உண்டாக்கும். மேல்பகுதியை வெட்டிவிட்டு, வேரை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, மண்ணோடு கலந்து நிழலில் உலர்த்துங்கள். இதுதான் உங்கள் வேம்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. புல்தரையிலிருந்து பூஞ்சை மட்டும் வராது, நூற்புழுவும் வாடல் நோயும் கூடவே வரலாம். அறுவடையின்போது வேரில் முடிச்சுகள் தெரிந்தால் தொட்டி முழுவதையும் அப்புறப்படுத்துங்கள், இரக்கம் காட்டாதீர்கள். தக்காளிக்குப் போட வேண்டிய வேமைத் தக்காளியிலேயே பெருக்காதீர்கள். புல் இனத்தில் பெருக்கினால் நோய் தாவும் வாய்ப்பு குறைவு.

நாற்றங்கால் கலவையில் பத்தில் ஒரு பங்கு கலக்கலாம். மரக்கன்றுக் குழிக்கு ஒரு கைப்பிடி, வேரைத் தொடும்படி. மேலே தூவினால் பயனில்லை.

கேள்வி: புது நாற்றங்காலில் பைன் கன்றுகள் மஞ்சளாகிக் குட்டையாகவே நிற்கின்றன. வேம் போட்டும் தேறவில்லை.

பைனுக்கு வேண்டியது வேறு பூஞ்சை. பைன், ஓக், பிர்ச் மரங்களில் வாழ்வது வேரின் செல்லுக்குள் நுழையாமல் வேர்நுனிக்கு உறைபோடும் வகை. இதைக் கைலென்ஸிலேயே பார்த்துவிடலாம். கன்றின் நுண்வேரைக் கழுவிப் பாருங்கள். நுனிகள் கவட்டைபோல இரண்டாகப் பிரிந்து, பருத்து, வெள்ளையோ பழுப்போ பூசினாற்போல இருந்தால் பூஞ்சை வந்துவிட்டது. மெலிந்து தூவிகளோடு இருந்தால் வரவில்லை.

பைன் இயற்கையாக இல்லாத நாடுகளில் இந்தத் தோல்வி பலமுறை நடந்திருக்கிறது. பியூர்ட்டோ ரிக்கோவில் திரும்பத் திரும்ப நட்ட பைன்கள் சாகவும் குன்றவும் செய்தன. 1950-களில் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்த பிறகே அவை வளர்ந்தன.

உங்களுக்கு எளிய வழி, நோயில்லாத வளர்ந்த பைன் மரத்தடியில் மேல் 10 சென்டிமீட்டர் மண்ணை எடுத்துக் கலவையில் பத்தில் ஒரு பங்கு சேர்ப்பது. அதே வட்டாரத்து மண்ணாக இருக்கட்டும். தூர தேசத்திலிருந்து மரக்கன்றோடு வந்த பூஞ்சைகள் விபரீதம் செய்திருக்கின்றன. உயிர்க்கொல்லியான அமனிட்டா ஃபல்லாய்டிஸ் காளான் ஐரோப்பாவிலிருந்து பிற கண்டங்களுக்குப் பரவியது இப்படி மரவேர்களோடுதான்.

ஆர்க்கிட், புளூபெரி வளர்ப்பவர்களுக்கும் இதே பதில்: அவற்றுக்கு இன்னும் வேறு பூஞ்சைகள். வேம் உதவாது.

கேள்வி: காட்டில் மரங்கள் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் குட்டிகளுக்கு ஊட்டுகிறது என்பதெல்லாம் நிஜமா?

கொஞ்சம் நிஜம், நிறைய மிகை. 1997-ல் வன ஆய்வாளர் சுசான் சிமார்ட் குழுவினர் கனடாவின் காட்டில் பிர்ச், டக்ளஸ் ஃபிர் கன்றுகளுக்குக் குறியிட்ட (எங்கே போகிறது என்று தடம் காணக்கூடிய) கார்பனைக் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதைக் காட்டினார்கள். ஒரே பூஞ்சை பல மரங்களின் வேரில் இருப்பதும் மரபணுச் சோதனையில் உறுதியானது. 2013-ல் அவரைச் செடிகளில் நடந்த சோதனையில், அசுவினி தாக்கிய செடியோடு இழையால் இணைந்த செடி, தான் தாக்கப்படாமலேயே அசுவினியை விரட்டும் வாசனையை வெளியிட்டது.

ஆனால் கார்பன் இழை வழியாகத்தான் போனதா, மண்ணீர் வழியாகவா என்று காட்டில் பிரித்தறிவது மிகக் கடினம். 2023-ல் ஜஸ்டின் கார்ஸ்ட் உள்ளிட்ட மூவர், இந்தத் துறையிலேயே உழைப்பவர்கள், காட்டு ஆய்வுகளை ஒவ்வொன்றாகச் சலித்துப் பார்த்தார்கள். வளர்ந்த மரம் தன் குட்டியை அடையாளம் கண்டு எச்சரிக்கிறது என்பதற்குக் காட்டில் செய்த, சக மதிப்பீடு பெற்ற ஆய்வு ஒன்றுகூட இல்லை என்று எழுதினார்கள். பச்சையமே இல்லாத மோனோட்ரோப்பா என்ற செடி, பூஞ்சை வழியாக மரத்தின் உணவை எடுத்தே வாழ்கிறது. இது சந்தேகமில்லாத உண்மை. ஆனால் அங்கே நடப்பது ஊட்டுவதல்ல, களவு.

கேள்வி: சரி, எந்த பாக்கெட்டை வாங்குவது?

பெயர் சொல்ல மாட்டோம், பார்க்க வேண்டியதைச் சொல்கிறோம். பூஞ்சையின் இனப்பெயர் இருக்க வேண்டும், உதாரணமாக ரைசோஃபேகஸ் இர்ரெகுலாரிஸ். ஒரு கிராமில் எத்தனை முளைக்கும் வித்துகள் என்ற எண்ணும், காலாவதித் தேதியும் வேண்டும். வெறும் "வித்து எண்ணிக்கை" போதாது, செத்த வித்தும் அதில் சேரும். பாக்கெட்டில் உரமும் கலந்திருந்தால் தவிர்த்துவிடுங்கள், செடி தேறியது எதனால் என்றே தெரியாமல் போகும். வெயில் படும் அலமாரியில் கிடந்ததை வாங்காதீர்கள். சொட்டுநீர்க் குழாயில் விடுவதானால் வடிகட்டியின் கண் அளவைப் பாருங்கள். பல வித்துகள் 100 மைக்ரோமீட்டருக்கு மேல் பருமன், வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

நிறைய வாங்குமுன் சோதித்துவிடுங்கள். வேகவைத்த மணல் கலவையில் ஆறு சிறு தொட்டி. மூன்றில் விதைக்குக் கீழே சரக்கு, மூன்றில் அதே சரக்கை வேகவைத்துக் கொன்று போட்டது. எல்லாவற்றிலும் மக்காச்சோளம். 6 வாரம் கழித்து, மேலே சொன்ன மை முறையில் வேரைப் பாருங்கள். முதல் மூன்றில் ஆர்பஸ்கியூல் தெரிந்தால் சரக்கில் உயிர் இருக்கிறது. இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தால் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுங்கள்.